சென்றியடியில் நூரும் எஞ்சின்

ஸுஹைரின் வான் மேட்டில் ஏறும்போது நூர்ந்திருந்தால் பாக்கியரத்தினம் காரணம் சொல்லியிருப்பார். மழையில் நனைந்து நூர்ந்திருந்தாலும் சொல்லியிருப்பார். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கும், அல்லது பற்றரி முனை கறுத்திருக்கும். கழற்றித் துடைத்துப் பூட்டினால் சரியாகிவிடும். இந்த வான் அப்படி நூரவில்லை. கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் வழியெல்லாம் ஒரு குறையுமில்லாமல் ஓடிவந்து, மண்மூட்டை அடுக்கி ஆமிக்காரர் துவக்கோடு நிற்கும் சென்றியடியில் மட்டும் எஞ்சின் அணைந்துபோனது. அதுவும் பகலில் இல்லை, பொழுது மங்கும் மம்மல் நேரத்தில் மட்டும்.

வாகன வயரிங்கில் தலை நரைத்த மனிதர் பாக்கியரத்தினம். இளவயதில் துறைமுகத்து இழுவைப் படகுகளில் வேலை பழகி, தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் ஒருமுறை கடை எரிந்து, உட்துறைமுக வீதிக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மறுபடி தகரக் கொட்டகை போட்டவர். ஆமி ஜீப்பும் அவரிடம் வந்திருக்கிறது, மூதூர் வியாபாரிகளின் லொறியும் வந்திருக்கிறது. எந்த வாகனமும் அவரை இப்படிக் குழப்பியதில்லை.

அவர் பெயரெடுத்ததற்குக் காரணம் வயரைச் சேமிக்கும் கெட்டித்தனம். சண்டைக் காலத்தில் வயர் என்பது வயர் அல்ல, குற்றம். ஒரு சுருள் வயரையும் ஒரு பற்றரியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சண்டை நடந்த வெருகல் பக்கம் போனவன் திரும்பி வருவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இருக்கவில்லை. பட்டணத்துக்குள்ளேயே கடைக்காரர் ‘எதுக்கு, எவ்வளவு, ஆருக்கு?’ என்று கேட்டுவிட்டுத்தான் அளந்து வெட்டுவார். ஆகவே பாக்கியரத்தினம் தன் கைக்கு ஒரு சட்டம் பழக்கினார். மின்சாரம் போவதற்கு ஒரு வயர் போதும். திரும்பி வருவதற்கு வாகனத்தின் இரும்பு உடம்பு இருக்கிறது. கிட்டவுள்ள போல்ற்றில் எர்த் என்கிற அந்தத் திரும்பும் முனையை முறுக்கிவிட்டால் முடிந்தது. அந்த ஒழுங்கையில் இதைத் திறமை என்றார்கள். வறுமையையும் தடையையும் நாம் திறமை என்று பெயரிட்டுப் பாராட்டிக்கொள்வோம். அவற்றைச் சுமத்தியவன் நிம்மதியாகத் தூங்குவான்.

அவருடைய மனைவி புஸ்பராணி பாராட்டவில்லை.

“எனக்குத் தாலி கட்டேக்க ஐயர் பக்கத்தில நிண்டபடியால் தப்பினனான். இல்லாட்டிக் கொடியை ஒரு பக்கம் மட்டும் கட்டிப்போட்டு, மற்றப் பக்கத்துக்கு உடம்பு எர்த் எண்டிருப்பார்.”

ஸுஹைரின் வான் கடலுக்குள் கிடந்து எழும்பிய வான். சுனாமி கிண்ணியாவைப் புரட்டியபோது அது ஒரு தென்னையில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு வருடம் கழித்து, அவன் எஞ்சினைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டினான். எல்லாம் தேறியது, ஒன்றைத் தவிர: எஞ்சினின் கொம்பியூட்டர். உப்புத் தண்ணீர் அதன் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. அந்த மாதிரி ஜப்பான் வானுக்கு அதே கொம்பியூட்டர் கொழும்பிலும் கிடைக்கவில்லை.

கிண்ணியாவில் அப்போது பாலம் இல்லை. ‘பாதை’ என்று அங்கே சொல்லும் மிதவையில் வாகனத்தை ஏற்றிக் கடந்துதான் பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டும். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, நெஞ்சுவலி என்றால் ஸுஹைரைத்தான் கூப்பிடுவார்கள். வான் நின்றுபோனதில் அவனுக்குப் பிழைப்பு மட்டுமல்ல, ஊரில் இருந்த இடமும் போயிற்று. துபாயில் கராஜ் ஒன்றில் வேலை செய்த அவன் மச்சான் கலீலுர் றஹ்மான் ஒரு வழி கண்டான். பந்தயக் கார்களுக்குப் பூட்டுகிற கொம்பியூட்டர் ஒன்றை ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினான். எந்த வாகனத்துக்கும் சொந்தமில்லாத, எந்த வாகனத்திலும் பூட்டக்கூடிய வெள்ளிநிறப் பெட்டி. அதிலிருந்து ஆளுக்கொரு நிறத்தில் ஒரு கூட்டம் வயர். கூடவே புது சென்சர்கள்.

பாக்கியரத்தினம் அதைக் கொட்டகை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“இது என்னடா தம்பி, கணவாய் மீன் மாதிரிக் கிடக்கு?”

“அண்ணன், கணவாயெண்டா நான் ஆக்கித் தின்டிருப்பனே. நீங்கதான் இதுக்கு உசிர் குடுக்கோணும்.”

அந்தப் பெட்டி செய்யும் வேலை எளிது. எஞ்சினைச் சுற்றி நிற்கும் சென்சர்கள் அதற்குச் செய்தி சொல்லும். தண்ணீர் எவ்வளவு சூடு, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஓட்டுகிறவன் அக்சிலேற்றரை எவ்வளவு மிதிக்கிறான். அவற்றைக் கேட்டுப் பெட்டி இவ்வளவு பெற்றோல், இந்த நேரத்தில் பொறி என்று முடிவு செய்யும். அதற்குக் கண்ணில்லை. வயர் சொல்வதுதான் அதற்கு உலகம்.

துபாயிலிருந்து கலீலுர் றஹ்மான் தொலைபேசியில் ஒவ்வொரு வயராகச் சொல்லச் சொல்ல, பாக்கியரத்தினம் காதுக்கும் தோளுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு முறுக்கினார்.

“அண்ணன், சென்சர் எல்லாத்துக்கும் திரும்பி வாற வயர் பெட்டிக்கே வரோணும். வான்ட உடம்பில கட்டிராதீங்க.”

“ஓம் தம்பி, ஓம்.”

சொல்லிவிட்டு அவர் நீளத்தை மனதால் அளந்தார். எஞ்சினிலிருந்து பின் ஆசனத்தின் கீழ் இருக்கும் பெட்டிவரைக்கும், ஒவ்வொரு சென்சருக்கும் இன்னொரு வயர். துபாயில் வயர் மண்ணுக்குள்ளிருந்து முளைக்கும்போல என்று எண்ணிக்கொண்டார். சென்சர்களின் எர்த்தை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, முன் லைற்றின் எர்த் இருக்கும் அதே போல்ற்றில் இறுக்கினார். அவர் கை பழகிய வேலை. சரியா என்று யோசிக்கவும் தோன்றவில்லை.

அடுத்தது பெட்டியோடு கதைப்பது. வானுக்கு ஏற்றபடி அதற்குக் கணக்குகளைக் கற்றுக்கொடுக்க லப்டொப் வேண்டும். ஸுஹைரின் தங்கை அசனா கிண்ணியாவில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தியவள். வகுப்பு லப்டொப்பைச் சாப்பாட்டுப் பையில் துணி சுற்றி எடுத்துவந்தாள். சென்றியில் கேட்டால் ‘பிள்ளைகள் படிக்கிறது’ என்று சொல்லி எழுத்துக்களைத் தட்டிக் காட்டுவாள். பெட்டியிலிருந்து வந்த தரவு வயரின் நுனியில் பாக்கியரத்தினம் பிளக் ஒன்றைப் பற்றுவைத்து அவளிடம் நீட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து மத்தியானம்வரை ஒன்றும் வரவில்லை.

“பெட்டி செத்துப்போச்சோ?” என்றார் அவர்.

அசனா பிளக்கைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். “அண்ணன், இதில ஒரு வயர் வாய், மற்ற வயர் காது. நீங்க லப்டொப்ட வாய பெட்டிட வாயோட சேத்து ஒட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் கத்திட்டு இருக்காங்க, கேக்கிறதுக்கு ஆளில்ல.”

“உது எங்கட வீட்டு நிலைமை,” என்று உள்ளிருந்து புஸ்பராணி சொன்னாள்.

இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றுவைத்ததும் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. ஸுஹைர் அக்சிலேற்றரை மிதிக்க ஒரு எண் ஏறியது, காலை எடுக்க இறங்கியது. வான் உறுமியது. பக்கத்துக் கடைக்காரர்கூட வந்து கைதட்டினார். இத்தனையும் பகல் வெளிச்சத்தில் நடந்தது. மம்மலுக்கு முன்னே கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போவதுதான் அந்த நாட்களின் வழக்கம்.

கொஞ்சக் காலம் வான் நன்றாக ஓடியது. பிறகு, வயிற்றுக்குத்து வந்த ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு கடைசிப் பாதையில் கடந்து மம்மலில் வந்தபோது, சீனக்குடா கழிந்து ஒரு சென்றியடியில் எஞ்சின் நூர்ந்தது. ஆமிக்காரர் சிரித்துக்கொண்டு தள்ளிவிட்டார்கள். இன்னொரு நாள் மம்மலில் இன்னொரு சென்றியடியில் நூர்ந்தது. அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. துவக்கு ஸுஹைரின் கழுத்துக்கு நேராக நின்றது.

ஒவ்வொரு முறையும் வானைக் கொண்டுவந்தான். பாக்கியரத்தினம் பெற்றோல் வடியை மாற்றினார், பொறிக் கட்டைகளைத் துடைத்தார், கொட்டகைக்குள்ளே எஞ்சினை ஓடவிட்டு மத்தியானம்வரை அருகில் குந்தியிருந்தார். அது நூரவேயில்லை.

“தம்பி, அதுக்கு ஆமியெண்டால் பயம் போல.”

“அண்ணன், எனக்கும்தான் பயம். நான் நூந்தா போறேன்?”

ஊர் சும்மா இருக்குமா? கிண்ணியாவில் யாரோ தாயத்து ஓதிக்கொடுத்தார்கள், கண்ணாடியில் தொங்கியது. பட்டணத்தில் யாரோ தேசிக்காய் நறுக்கிச் சில்லுக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள்; அதையும் வைத்தான். பாயும் ஐயரும் ஒரே வானில் ஒற்றுமையாக ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். தேசிக்காய் நசிந்தது, தாயத்து ஆடியது, சென்றியடியில் எஞ்சின் நூர்ந்தது. ஒரு வயரைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கும் பொறுமை இல்லாத ஊருக்குப் பேயைக் கூப்பிடும் பொறுமை மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. வேறொரு கதையும் கிளம்பியது, பேய்க்கதையைவிடக் கெட்டது. ‘தமிழன்ட கையில குடுத்தா இப்படித்தான் செய்வான்’ என்று அங்கே. ‘சோனகனுக்கு வயர் கட்டினால் உன்ர பேரைத்தான் காட்டிக்குடுப்பான்’ என்று இங்கே. பாக்கியரத்தினத்துக்கு இரண்டும் வந்து சேர்ந்தன. அவர் மறுபடி பொறிக் கட்டைகளைக் கழற்றினார்.

பிறகு ஒருநாள் எங்கோ கிளைமோர் கண்ணிவெடி வெடித்தது. அன்று மம்மலில், பிள்ளைப்பேற்று வலியோடு ஒரு பெண்ணை ஏற்றி வந்த வான், சென்றியடியில் நூர்ந்தது. பெண்ணை வேறு வாகனத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அவள் பிழைத்தாள். அந்த வானில் எஞ்சின் முன் ஆசனத்தின் கீழே இருக்கிறது. ஆமிக்காரர் ஆசனங்களை எல்லாம் தூக்கினார்கள். வெள்ளிப் பெட்டி, நிறநிறமாக வயர், யாருமே கண்டிராத சென்சர், எதிலும் மாட்டாமல் தொங்கும் தரவு வயரின் பிளக். ஸுஹைரைத் தரையில் குப்புறப் படுக்கவைத்தார்கள்.

அடுத்த நாள் காலையில் அசனா கொட்டகை வாசலில் நின்றாள். தலைமுக்காடு வியர்வையில் ஒட்டியிருந்தது. லப்டொப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

“அண்ணன், ஸுஹைர் நானாவ பொலிசில வெச்சிருக்காங்க. வானும் அங்கதான். அது குண்டு வெடிக்க வைக்கிற பெட்டி எண்டு சொல்றாங்களாம். நாளைக்கு விடிய கொழும்புக்கு அனுப்பப் போறாங்களாம். கொழும்புக்குப் போனவங்க...” அவசரகாலச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதன்படி ஒருவனைக் கொண்டுபோவதற்குக் காரணம் தேவையில்லை, திருப்பி விடுவதற்குத்தான் தேவை.

“நீங்க வந்து அது எஞ்சின்ட பெட்டி எண்டு சொல்லுங்க.”

“சொல்லலாம் பிள்ளை. ஏன் சென்றியடியில மட்டும் நூருது எண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? எனக்கே விளங்கேல்லையே.”

புஸ்பராணி குசினி வாசலில் வந்து நின்றாள். “போகாதேங்கோ. வயரும் கையுமா பொலிசுக்குப் போற தமிழன் ஆராவது இருக்கிறானோ?”

அவர் கம்பிக் குறட்டையும் சோதனை லைற்றையும் எடுத்தார், திரும்ப மேசையில் வைத்தார், பிறகு மறுபடி எடுத்தார். போவதா வேண்டாமா என்று முடிவு செய்ததாக அவருக்கு ஞாபகமில்லை. சட்டை மாற்றியது மட்டும் ஞாபகம்.

பொலிஸ் முற்றத்தில் ஒரு வேப்பமரத்தடியில் வான் நின்றது. பொறுப்பதிகாரி நடுவயது மனிதர், மரியாதையாகக் கதிரை தந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மட்டக்களப்பில் வேலைசெய்த ஒரு சார்ஜன்ட் தமிழில் மாற்றிச் சொன்னார். பாக்கியரத்தினம் பெட்டியைக் காட்டி, சென்சர்களைக் காட்டி, அசனா லப்டொப்பைப் பூட்டி எண்களைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினார்கள். அதிகாரி கவனமாகக் கேட்டார். அவர் மின்சாரம் தெரியாதவர் அல்ல. கேட்ட கேள்விகள் சரியான கேள்விகளாக இருந்தன. பிறகு எஞ்சினை ஓடவிடச் சொன்னார்.

ஓடியது. வெயில் வேப்பமரத்தைத் தாண்டி நகரும்வரை ஓடியது. உறுமவிட்டார்கள், தணித்தார்கள், முன்னே பின்னே எடுத்தார்கள். சிறு தும்மல்கூட இல்லை.

பாக்கியரத்தினத்துக்குப் பெருமை வந்த நேரத்தில் சார்ஜன்ட், அதிகாரி சொன்னதைத் தமிழில் சொன்னார்.

“பெரியவர் சொல்லுறார், எஞ்சினில ஒரு பிழையும் இல்லையாம். நல்லா வேலை செய்திருக்கிறீங்களாம்.”

“ஓம் சேர்.”

“அப்ப சென்றிக்கு முன்னால இவன் வேணுமெண்டு நூத்திருக்கிறான்.”

வான் பழுது என்று நிரூபித்தால்தான் ஸுஹைர் குற்றமற்றவன். அவரோ இவ்வளவு நேரமும் அது நல்ல வான் என்று நிரூபித்துக்கொண்டிருந்திருக்கிறார். எந்த மெக்கானிக்கும் வாழ்க்கையில் கேட்டிராத ஒன்றை அவர் கேட்டார். “சேர், இதை நூரப்பண்ண எனக்குக் கொஞ்ச நேரம் தாங்கோ.”

வயர்களை இழுத்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். பெற்றோல் குழாயை நெரித்தார். எஞ்சின் ஓடியது. கொன்ஸ்டபிள் ஒருவரைத் துவக்கோடு முன்னால் வந்து நிற்கச் சொன்னார், வெட்கமில்லாமல். அவர் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். அப்போதும் எஞ்சின் ஓடியது. உப்புக் காற்றா, சென்றியில் வைத்திருக்கும் வயர்லெஸ்ஸா, வேகத்தடையின் குலுக்கலா? ஒவ்வொன்றாக எண்ணி ஒவ்வொன்றாகக் கைவிட்டார். ஒரு கணம், தேசிக்காயை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றிவிட்டது. பயம் நல்ல மூளையையும் எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்.

கடைசியில் ஸுஹைரிடம் கேட்கவேண்டும் என்றார். கொண்டுவந்தார்கள். மேலுதடு வீங்கியிருந்தது, சட்டையில் பொத்தான் இல்லை. அசனா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தம்பி, சென்றியடிக்கு வரேக்க நீ என்ன செய்தனீ? ஒவ்வொண்டாச் சொல்லு.”

“என்னத்த செய்ற? சாகப் போறேன் எண்டு கலிமா சொன்னேன்.”

முற்றத்தில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், சார்ஜன்ட்டும்தான்.

“அதை விடு. கை கால் என்ன செய்தது?”

“கால எடுத்தேன். கியரக் குறைச்சேன். கிட்டப் போனதும் பெரிய லைற்ற நூத்து, உள் லைற்றப் போட்டேன். எல்லாரும் செய்றதுதானே அண்ணன். நான் ஒண்டும் புதுசா செய்யல்ல.”

எல்லாரும் செய்வதுதான். இருட்டில் சென்றியை நெருங்கும் வாகனம் முன் லைற்றை அணைக்கவேண்டும், சென்றிக்காரரின் கண்ணில் அடிக்கக்கூடாது. உள் லைற்றைப் போடவேண்டும், உள்ளே இருக்கும் முகங்கள் தெரியவேண்டும். மறந்தவன்மீது சுட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் சாரதிகளுக்கு அது மூச்சு விடுவது போல. ‘என்ன செய்தாய்?’ என்று கேட்டால் மூச்சு விட்டேன் என்று எவன் சொல்லுவான்? வேறு எங்கேயும் ஓடுகிற எஞ்சினோடு முன் லைற்றை அணைப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் லைற்றுக்குக் கை போகும்.

பாக்கியரத்தினம் எஞ்சினை ஓடவிட்டு, வெயிலிலேயே முன் லைற்றைப் போட்டார். ஓடியது. லைற்றை அணைத்தார்.

எஞ்சின் நூர்ந்தது.

மறுபடி ஓடவிட்டார், லைற்றைப் போட்டார், அணைத்தார். மறுபடி நூர்ந்தது. மூன்றாம் முறை அசனா கத்தினாள். “அண்ணன், அக்சிலேற்றர் நம்பர் விழுது! காலே வைக்கல்ல, ஆனா காலெடுத்தமாதிரி விழுது!”

அப்போது அவருக்கு எல்லாம் விளங்கியது. முன் லைற்றும் அக்சிலேற்றர் சென்சரும் ஒரே போல்ற்றில் எர்த்தைப் பங்குபோட்டிருந்தன. லைற் எரியும்போது அது தள்ளும் மின்சாரம் அந்தப் போல்ற்றில் நெருக்கி, சென்சர் சொல்லும் எண்ணைக் கொஞ்சம் உயர்த்திவிடும். கால் கொஞ்சம் மிதித்திருக்கிறது என்று பெட்டி நம்பும். லைற்றை அணைத்ததும் எண் சட்டென்று விழும். ஓட்டுகிறவன் காலை எடுத்துவிட்டான், பெற்றோல் வேண்டாம் என்று பெட்டி பெற்றோலை நிறுத்தும். வேகமாகப் போகும் வான் அதைத் தாங்கும். சென்றியடியில் ஊர்ந்துபோகும் வான் நூர்ந்துபோகும். பெட்டியில் பிழையில்லை, சென்சரில் பிழையில்லை, ஸுஹைரில் பிழையில்லை. சேமித்த வயர்தான் பிழை.

அவர் அதைச் சொன்னார். சார்ஜன்ட் மாற்றிச் சொன்னார். அதிகாரி எழுந்துவந்து, தானே லைற்றைப் போட்டு அணைத்து, எண் விழுவதைத் திரையில் பார்த்தார். விளங்கிய மனிதனின் முகம் அவருக்கு. மெல்லத் தலையாட்டிவிட்டு ஒன்று கேட்டார்.

“சென்றிக்கு முன்னால நிக்கிறமாதிரி இந்த வயரைக் கட்டினது ஆர் எண்டு கேட்கிறார்,” என்றார் சார்ஜன்ட்.

“நிக்கிறமாதிரிக் கட்டேல்லை சேர். கட்டினது... நிண்டுபோச்சு.”

சார்ஜன்ட் அதை மாற்றிச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தினார். “பெட்டியில பிழையெண்டு சொல்லுங்கோவன் ஐயா. துபாய்ப் பெட்டி, ஆருக்குத் தெரியும்?”

பாக்கியரத்தினம் ஸுஹைரைப் பார்த்தார். பெட்டியில் பிழை என்றால் பெட்டி கொழும்புக்குப் போகும், பெட்டியை வரவழைத்தவனும் கூடவே போவான். வயரில் பிழை என்றால் பெட்டியும் அவனும் விடுபடுவார்கள். இதுமட்டும் தெளிவாக இருந்தது. தெளியாதது வேறொன்று: ஒரு பிழை நடந்தால் அதைத் திருத்துவார்கள் என்றுதான் அவர் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தார். பிழைக்கு ஏன் ஒரு ஆள் வேண்டும்? வயரைக் குற்றமாக்கி, ஒரு மனிதன் ஒவ்வொரு அங்குலத்தையும் மிச்சம்பிடிக்கும்படி செய்தவர்கள் இந்த முற்றத்துக்கு வரவில்லை. அவர்களை ஒருவரும் கேட்கவும் போவதில்லை.

“நான்தான் சேர் கட்டினனான்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். வானை இப்போதே திருத்தினால் ஸுஹைர் கொண்டுபோகலாம் என்றார். பாக்கியரத்தினம் வயர் வேண்டும் என்றார். கொன்ஸ்டபிள் பின்னறைக்குப் போய் இரு கைகளிலும் அள்ளிக்கொண்டு வந்தார்: சென்றிகளில் சனங்களிடமிருந்து பறித்த வயர்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், வீட்டு வயர், மோட்டர் வயர், யாரோ மகளின் கலியாணத்துக்கு வாங்கிய சோடினை பல்ப்பின் வயர்கூட.

“என்ர சீவியத்தில இவ்வளவு வயரை ஒருமிச்சுக் கண்டதில்லை,” என்றார் அவர். அருகில் துவக்கோடு நின்றவர் விளங்காமல் சிரித்தார்.

அவர் மிச்சம் பிடிக்கவில்லை. அசனா வயரை நீட்ட நீட்ட, ஒவ்வொரு சென்சரிலிருந்தும் தனித்தனியே பெட்டிவரைக்கும் இழுத்தார். போல்ற்றில் முன் லைற்றின் எர்த்தை மட்டும் தனியே விட்டார்.

“அண்ணன், உங்களை விடுவாங்கதானே?” என்று அசனா வயரைப் பார்த்தபடி கேட்டாள்.

“தெரியேல்லைப் பிள்ளை. அந்த முனையைப் பிடி.”

அவரை விடவில்லை. மேலதிக விசாரணை என்றார்கள். அந்த விசாரணை எப்படி முடிந்தது, பிறகு ஏன் விட்டார்கள் என்பதைப் பாக்கியரத்தினம் ஒருபோதும் சரியாகச் சொன்னதில்லை, அவருக்கே தெரியாதபடியால். பிடித்ததற்கு ஒரு காரணம் சொன்னார்கள். விட்டதற்கு அதுவும் இல்லை. வெளியே வந்தபின் ‘அது என்ன விசாரணை?’ என்று கேட்டவர்களிடம், “எனக்கும் விளங்கேல்லை. வானெண்டால் எங்கயாவது ஒரு போல்ற் இருக்கும்” என்பார்.

ஆனால் அன்று மம்மலில் அவர் கம்பிக்கு உள்ளே, சீமெந்துத் தரையில் இருந்தார். புஸ்பராணி கொண்டுவந்த சோற்றுப் பார்சல் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது. அவள் வாசலில் கத்திய கத்தல் ஓய்ந்திருந்தது. முற்றத்தில் வானின் எஞ்சின் ஓடத் தொடங்கியது. ஸுஹைரும் அசனாவும் பட்டணத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்க் காலையில் மிதவையில் கடக்கவேண்டும்; அதற்கு முதலில் பொலிஸ் வாசலின் சென்றியைக் கடக்கவேண்டும். சுவரில் முன் லைற்றின் வெளிச்சம் மெல்ல நகர்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலை நெருங்கியதும் அது பட்டென்று அணைந்தது.

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

தடைமரத்தைத் தூக்கும் சத்தம் கேட்டது. வான் நகரவில்லை. “யன்ன, யன்ன!” என்று சென்றிக்காரன் சிங்களத்தில் போகச் சொல்லி விரட்டுவது கேட்டது. அப்போதும் நகரவில்லை. உள் லைற் எரிய, எஞ்சின் ஓட, ஸுஹைர் திறந்த வாசலில் நின்றுகொண்டிருந்தான். முதலில் பாக்கியரத்தினத்துக்கு இதுவும் விளங்கவில்லை. இன்னொரு வயரை எங்கே விட்டேன் என்றுதான் மனம் தேடியது. பிறகு விளங்கியது: தன்னை உள்ளே விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பொலிஸ் நிலையம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“போடா தம்பி! அங்க நில்லாதை, சுட்டுப்போடுவாங்கள். போ!”

பிறகு கியர் விழும் சத்தம் கேட்டது.

வான் போனது. வளைவுவரைக்கும் அவருக்கு எஞ்சின் சத்தம் கேட்டது, ஒரே சீராக.